டார்லீன் போன பஸ்

சிட்னி
9 பிப்ரவரி 1997

அன்புள்ள ரேலீன்,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்த பிறகும் கிழித்துப் போடாமல் பிரித்திருக்கிறாய் என்றால் அதற்கே முதல் நன்றி. போனில்தான் பேசப் பார்த்தேன். இரண்டு தடவையும் "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டாய். "பிண்டாரூ பேக்கரி" என்று சொல்லித்தானே போனை எடுத்தாய்? பிறகு எப்படி அது ராங் நம்பர் ஆகும்?

உன் கணவன் கிளிஃப் இறந்துபோன செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. மூன்று வருடம் தாமதமாக. வருந்துகிறேன். நானும் இங்கே தனியாகத்தான் இருக்கிறேன். ஜெனெட் தன் பிடிலைத் தூக்கிக்கொண்டு பெர்த் பக்கம் போய் ரொம்ப நாளாகிறது. அவளுக்கு இப்போது என் பெயரைக் கேட்டாலே தலைவலி வருகிறதாம்.

சரி, நல்ல செய்திக்கு வருகிறேன். நான் ஒரு சினிமாக் கதை எழுதியிருக்கிறேன். சின்ன ஊர், கன்ட்ரி பாட்டு, காதல், சிரிக்கச் சிரிக்க ஒரு படம். பெயர் 'டார்லீன் போன பஸ்'. ஹ்யூகோ என்ற இளம் டைரக்டர் எடுக்கிறான். காதில் வளையம் போட்டிருப்பான், அதைப் பார்த்து மிரண்டுவிடாதே, நல்ல பையன். மே மாதம் நம் பிண்டாரூவிலேயே, நாம் பாடிய அதே ஊர் ஹாலிலேயே படப்பிடிப்பு. மேடை அறிவிப்பாளராக நானே நடிக்கிறேன்.

ஹாலில் பாட்டுக் கேட்கிற கூட்டமாக ஊர் முழுக்க வந்து உட்கார வேண்டும். நீ மாதர் சங்கத் தலைவியாம். நீ சொல்லாமல் அங்கே ஒரு நாற்காலி நகராது, ஒரு ஸ்கோன் ரொட்டி வேகாது என்று கேள்விப்பட்டேன். எனக்காக இல்லாவிட்டாலும் ஊருக்காக ஒரு வார்த்தை சொல்லேன்.

கதையில் நம் சாயல் கொஞ்சம் இருக்கும். கொஞ்சம்தான்.

பழைய அன்பு மாறாத,
லைல் ஃபென்டன்

*

பிண்டாரூ
2 மார்ச் 1997

லைல்,

நான் நலம். நீ நலமா என்று அறிய எனக்கு ஆவல் எதுவும் இல்லை.

உன் டைரக்டர் பையன் உன்னைவிட நேர்மையானவன். படத்தில் ஆபாசம் ஏதும் இல்லை என்று ஹால் கமிட்டி பார்த்துக்கொள்ளட்டும் என்று முழுக் கதையையும் அனுப்பிவிட்டான். கடைக் கவுன்டரில் நின்றபடியே படித்தேன். உள்ளே அடுப்பில் இரண்டு தட்டு இறைச்சி பஃப் கரியானது. புகை தெருவுக்கு வந்த பிறகுதான் எனக்கு நினைவே வந்தது.

அந்த டார்லீன் யார் லைல்? முயல் மாதிரிப் பல், தலைமுடியெல்லாம் மைதா, மூக்கால் பாடுகிறவள். பேக்கரிக்காரி வேறு. சரி, பல்லை விடு. மூக்கை விடு. ஊர்ப் பொருட்காட்சி அன்று, மேடையில் ஜோடிப் பாட்டு நடுவில் அவள் இறங்கிப் போய், ஆட்டு மருந்து விற்கிற ஒருத்தனோடு பஸ் ஏறிவிடுகிறாளாம். பாவம், ரஸ் என்கிற நல்லவன் மைக் முன்னால் தனியாக நின்று கண்ணீரோடு பாடி முடிக்கிறானாம். ஊரே அவனுக்காக அழுகிறதாம். அப்புறம் அவன் சிட்னி போய்ப் பெரிய ஆள் ஆகிறானாம்.

ஏன்டா, எழுபத்தொன்றில் மேடையில் தனியாக நின்றது யார்? ஓடிப்போனது யார்? முதல் அடி நான் பாடிக்கொண்டிருந்தபோது, "கிட்டார் தந்தி அறுந்துடுச்சு, வண்டியில வேற இருக்கு, இதோ வந்துடறேன்" என்று என் காதில் சொல்லிவிட்டுப் பின்பக்கம் குதித்தாயே, அந்தத் தந்தியை இன்னும் தேடிக்கொண்டா இருக்கிறாய்? பஸ்கூட இல்லை, கம்பளி லாரி. மூட்டைகளுக்கு மேலே ஜெனெட்டும் அவள் பிடிலும் உனக்காகக் காத்திருந்ததைப் பார்த்தவர்கள் இன்றும் என் கடைக்கு ரொட்டி வாங்க வருகிறார்கள்.

உன் அடி வந்தது. நீ வரவில்லை. கோஷ்டிக்காரர்கள் அதே மெட்டைச் சுற்றிச் சுற்றி வாசித்தார்கள். எனக்குத் தரை பிளக்காதா என்றிருந்தது. அப்போது கிளிஃப் ஹார்ட்டிகன் எழுந்து மேடைக்கு வந்தான். ஆட்டு ரோமம் கத்தரித்த எண்ணெய்ப் பிசுக்கு கையில் அப்படியே இருந்தது. துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற மாதிரி ஒரு குரல். உன் அடியைப் பாடி முடித்தான். உனக்காகச் செய்து வைத்த கல்யாண கேக்கை அவனோடுதான் வெட்டினேன்.

இந்த ஊரில் எனக்கென்று இருப்பது என் பெயர் ஒன்றுதான். என் மகள் இங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். நாளைக்கு அவளிடம் படிக்கிற பிள்ளைகள் "உங்க அம்மாதான் மருந்துக்காரனோட ஓடிப்போனவங்களா மிஸ்?" என்று கேட்கும். சினிமாவில் வந்துவிட்டால் அதுதான் நடந்ததாக ஆகிவிடும். நடந்ததைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஓடுகிறவன் ஆண் என்று கதையை மாற்று. அதுவரை ஒரு நாற்காலியும் நகராது.

ரேலீன் ஹார்ட்டிகன்

*

சிட்னி
15 மார்ச் 1997

அன்புள்ள ரேலீன்,

இவ்வளவு கோபமா? இது சினிமா. வெறும் சினிமா. பெயரை மாற்றியிருக்கிறேன், பல்லை மாற்றியிருக்கிறேன். நீ எவ்வளவு அழகு என்று ஊருக்கே தெரியுமே, அந்தப் பல்லைப் பார்த்து யார் நீ என்று நினைக்கப் போகிறார்கள்?

கொஞ்சம் என் பக்கமும் யோசி. காதலியை மேடையில் விட்டுவிட்டு ஓடுகிறவனை எந்தத் தியேட்டரில் கதாநாயகன் என்று ஏற்றுக்கொள்வார்கள்? டிக்கெட் வாங்கியவன் திரையில் பாட்டிலை எறிவான். கதைக்கு ஒரு நல்லவன் வேண்டும். கைக்குக் கிடைத்த நல்லவன் நான்தான். அதற்கு நான் என்ன செய்வேன்? அந்த நாளில் நடந்தது இருவருக்குமே கஷ்டம்தான். லாரியின் மேல் எனக்கு என்ன குளிர் தெரியுமா?

உன் ஹால் இல்லையென்றால் வேறு ஊர் ஹால். ஹ்யூகோ பார்த்துக்கூட வைத்துவிட்டான். பாங்கும் மூடி, ரயிலும் நின்று, தூங்கிக்கொண்டிருக்கிற ஊருக்குக் கொஞ்சம் உயிர் வரட்டும் என்றுதான் நான் பிண்டாரூவுக்காகச் சண்டை போட்டேன். எப்படியும் படம் வரத்தான் போகிறது ரேலீன். நம் ஊரில் எடுத்தாலும் வரும், எடுக்காவிட்டாலும் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படப்பிடிப்பு முடிகிற சனிக்கிழமை ஊருக்கு நன்றிக் கச்சேரி வைக்கிறோம். நான் நம் பழைய பாட்டைப் பாடுவேன். நீ வந்து உன் அடியைப் பாடினால் எப்படி இருக்கும்! நீயும் தனி, நானும் தனி. யோசித்துப் பார்.

ஆசையுடன்,
லைல்

*

பிண்டாரூ
30 மார்ச் 1997

அன்புள்ள லைல்,

நீ சொன்னபடியே யோசித்துப் பார்த்தேன். ஊருக்கு நல்லதை என் வீம்பால் கெடுப்பானேன்? ஹால் உனக்கு. நாற்காலிகளைத் துடைக்கச் சொல்லிவிட்டேன். பூசணி ஸ்கோன், லாமிங்டன் கேக், டீ எல்லாம் மாதர் சங்கம் பார்த்துக்கொள்ளும். உன் டைரக்டர் பையன் இறைச்சி சாப்பிட மாட்டானாமே, அவனுக்காக முட்டை சாண்ட்விச் தனியாகச் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டே விஷயம். கூட்டத்தில் உட்காருகிறவர்கள் எல்லோரும் நம் ஊர்க்காரர்களாகவே இருக்கட்டும், வெளியிலிருந்து ஆள் கொண்டுவர வேண்டாம். வாத்தியமும் நம் ஹால் கோஷ்டியே வாசிக்கட்டும். அப்போதுதான் படம் பார்க்க உண்மை மாதிரி இருக்கும். நீயும் அதைத்தானே விரும்புவாய்?

ஊராரைக் கூட்டி நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். "கேமரா இருக்குன்னு மறந்துடுங்க. நம்ம ஹால்ல எப்பவும் எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க." எல்லோருக்கும் புரிந்தது.

நல்லபடியாக வந்து சேர்.

ரேலீன்

*

ஹிலாரோ மோட்டல்
25 மே 1997

ரேலீன்,

பிண்டாரூவில் ஒரு ராத்திரிகூடத் தங்கப் பிடிக்காமல் பக்கத்து ஊருக்கு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கேயும் மோட்டல்காரி என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். செய்தி எனக்கு முன்னாலேயே வந்துவிட்டது போலிருக்கிறது.

எனக்குப் புத்தி எங்கே போயிருந்தது? அந்த ஹாலிலேயே வளர்ந்தவன் நான். அங்கே ஜோடிப் பாட்டு பாதியில் நின்றால் கீழே இருக்கிற எவராவது எழுந்து போய் மீதியைப் பாடியே தீருவார்கள், ஒருவரையும் மேடையில் தனியாக விடமாட்டார்கள் என்கிற வழக்கத்தை நானே மறந்து போய், ஒருத்தன் தனியாக நின்று பாடுவதாக ஒரு காட்சி எழுதியிருக்கிறேன். நீ எழுதிய கடிதத்தில் கிளிஃப் எழுந்து வந்தான் என்று படித்தபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. அது உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் நாற்காலி துடைத்திருக்கிறாய்.

முதல் டேக். டார்லீனாக நடிக்கிற பெண் இறங்கிப் போகிறாள். ரஸ்ஸாக நடிக்கிற திமதி மைக் முன்னால் கண் கலங்கி நிற்கிறான். கோஷ்டி மெட்டைச் சுற்றுகிறது. கசாப்புக்கடை நார்ம் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து, மேடையேறி, திமதியின் தோளில் கை போட்டு, டார்லீன் அடியைப் பெண் குரலில் பாடுகிறான்! ஹ்யூகோ "கட், கட்" என்று கத்துகிறான்.

"சார், இது சினிமா. நீங்க உக்காந்தே இருக்கணும்."

"சினிமான்னு தெரியும்ப்பா. அதுக்காக? பையன் தனியா நிக்கிறான்ல?"

இரண்டாவது டேக்கில் போலீஸ் சார்ஜென்ட், சீருடையோடு. மூன்றாவதில் மக்ஃபீ சகோதரிகள் மூன்று பேரும், ஒவ்வொருவரும் ஒவ்வொரு சுருதியில். நான்காவதில் பாதிரியார். ஒவ்வொரு தடவையும் ஹ்யூகோ கெஞ்சுகிறான், எல்லோரும் "சரிப்பா, சரிப்பா, இனிமே எழுந்திருக்க மாட்டோம்" என்று தலையாட்டுகிறார்கள். ஐந்தாவது டேக்கில் எங்கள் படக்குழுவில் லைட் பிடிக்கிற ஆளே லைட்டைக் கீழே வைத்துவிட்டு மேடையேறிவிட்டான். ஊர் அவனையும் கெடுத்துவிட்டது.

அப்புறம் நீ. "இவங்க ஏன் இப்படிப் பண்றாங்க?" என்று ஹ்யூகோ கேட்டதும், அவன் கையிலிருந்த ஒலிபெருக்கியை வாங்கி என்ன பேச்சுப் பேசினாய்!

"தம்பி, இந்த ஹால்ல யாரையும் பாதிப் பாட்டுல தனியா விடறதில்ல. எழுபத்தொண்ணுல ஒருத்தன் என்னை இதே மேடையில விட்டுட்டு, தந்தி எடுத்துட்டு வரேன்னு கம்பளி லாரி ஏறிட்டான். எங்க ஊட்டுக்காரரு எழுந்து வந்துதான் என் மானத்தைக் காப்பாத்துனாரு. அந்த லாரி ஏறினவரு வேற யாருமில்ல. இதோ பளபளன்னு சட்டை போட்டுக்கிட்டு நிக்கிறாரே, இந்தக் கதையை எழுதின ஐயாதான்."

ஊர் சிரித்தது. படக்குழு சிரித்தது. ஹ்யூகோ சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். எழுந்தபோது கதை மாறிவிட்டது. ஓடுகிறவன் ரஸ். டார்லீனைக் காப்பாற்ற ஊரே எழுந்து மேடையேறுகிறது. படத்தின் பெயர் இப்போது 'ரஸ் ஏறிய பஸ்'. டார்லீனை அழகியாக்கி, அந்தப் பல் செட்டைக் கழற்றித் திமதிக்கு மாட்டிவிட்டார்கள். என் கண்ணெதிரே! என் கதைக்குள்ளேயே நான் முயல்பல் வைத்த அயோக்கியன்!

படம் போகட்டும். நேற்றுச் சனிக்கிழமை நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நம் பாட்டைப் பாடினேன். உன் அடி வந்தது, நிறுத்தினேன். நீ மூன்றாவது வரிசையில் நீலக் கவுனில் உட்கார்ந்திருந்தாய். உன்னையே பார்த்தேன். கோஷ்டி மெட்டைச் சுற்றியது, மறுபடி சுற்றியது. நார்ம் தன் ஷூவைப் பார்த்தான். சார்ஜென்ட் கூரையைப் பார்த்தார். பாதிரியார்கூட மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் உன் அடியையும் நானே பாடினேன்.

முன்பின் தெரியாத ஒரு நடிகனுக்காக நான்கு தடவை எழுந்தவர்கள், அங்கே பிறந்த எனக்காக ஒரு தடவை எழவில்லை. இதையும் நீதானே சொல்லி வைத்தாய்? உன் வஞ்சம் தீர்ந்ததா? வயிறு குளிர்ந்ததா?

லைல்

*

பிண்டாரூ
8 ஜூன் 1997

லைல்,

குளிர்ந்தது. கேட்டாய், சொல்கிறேன். அந்த ஒலிபெருக்கியைக் கையில் வாங்கிய நிமிஷத்தை ஒரு கல்யாணத்துக்குக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன். திமதி வாயில் அந்தப் பல்லை மாட்டும்போது நீ பார்த்த பார்வையை நினைத்து இன்றைக்கும் மாவு பிசையும்போது தனியாகச் சிரித்துக்கொள்கிறேன். படப்பிடிப்பில் நடந்ததெல்லாம் என் வேலைதான். முழுப் பெருமையும் எனக்கே வேண்டும், அதில் யாருக்கும் பங்கு தரமாட்டேன்.

ஆனால் சனிக்கிழமைக்கு நான் பொறுப்பில்லை. ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம்பினால் நம்பு. நான் எழமாட்டேன் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நார்ம் எழுவான் என்று நினைத்தேன். அவன் ஒரு நாய் ஊளையிட்டாலும் கூடப் பாடுகிறவன். அவன் எழாதபோது நானே திரும்பி அவனைப் பார்த்தேன்.

மறுநாள் ரொட்டி வாங்க வந்தவனிடம் கேட்டேன்.

"ஏன் நார்ம், நேத்து எழுந்திருக்கல?"

"எழுந்திருக்கலாம்னுதான் பார்த்தேன் ரேலீன். ஆனா அவன் எப்படியும் தந்தி எடுக்கப் பாதியில போயிடுவான்ல? நான் அங்க போய்த் தனியா மாட்டிக்கிறதா?"

கடையில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை லைல். நான் பழிவாங்கினால் நான் ஒருத்திதான் உன் எதிரி. அப்படி இருந்தால் உனக்கு எவ்வளவு சௌகரியம்! இதில் என் கை இல்லை. அதை உனக்கு எழுதியே ஆக வேண்டும் என்றுதான் கடையை மூடிவிட்டு உட்கார்ந்தேன்.

ரேலீன் ஹார்ட்டிகன்

*

சிட்னி
16 நவம்பர் 1997

அன்புள்ள ரேலீன்,

ஐந்து மாதம் உனக்கு எழுதாமல் இருக்க முடிகிறதா என்று பார்த்தேன். முடியவில்லை.

அடுத்த வாரம் படத்தை முதலில் பிண்டாரூ ஹாலில்தான் போட்டுக் காட்டப் போவதாக ஹ்யூகோ சொன்னான். என்னைக் கூப்பிடவில்லை. சுவரொட்டியில் என் பெயர் இருக்கிறது, ஆனால் கண்ணாடி போட்டுக்கொண்டு தேட வேண்டும்.

இந்த வீட்டில் சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. கிட்டாரை எடுத்தால் எந்தப் பாட்டும் பாதிக்கு மேல் போகமாட்டேன் என்கிறது. பிண்டாரூவுக்கே திரும்பி வந்துவிடலாமா என்று நினைக்கிறேன். என் அப்பா வீடு பூட்டித்தானே கிடக்கிறது? கூரையை நானே மாற்றிக்கொள்வேன். ஊரே பார்த்துச் சிரித்த பிறகு இனி என்ன பாக்கி இருக்கிறது? நீ அடித்துவிட்டாய், நான் வாங்கிக்கொண்டேன். இனியாவது ஒரே தெருவில் இரண்டு மனிதர்களாக இருக்கலாமே. மாலையில் உன் கடை வாசலில் ஒரு டீ. அதற்கு மேல் எதுவும் கேட்கமாட்டேன். கேட்டாலும் நீ மறுத்துவிடு.

ஒன்றே ஒன்றுக்கு உண்மையைச் சொல். இத்தனை வருடத்தில் என் நினைப்பு உனக்கு வந்ததே இல்லையா?

வரச் சொல்லி ஒரு வரி எழுதினால் போதும்.

உன்,
லைல்

*

பிண்டாரூ
7 டிசம்பர் 1997

லைல்,

உண்மையைச் சொல்லச் சொன்னாய். வந்தது. நினைப்பு வராமல் எங்கே போகும்? கிளிஃபோடு நான் நன்றாக வாழ்ந்தேன், சிரித்து வாழ்ந்தேன். அப்படி இருந்தும் மேடையின் பின்பக்கத்தில் குதிக்கும் முன் நீ ஒரு தரம் திரும்பிப் பார்த்தாயே, அந்த முகம் என்னை விடவே இல்லை. மாவு பிசையும்போது வரும். சர்ச்சில் கண்ணை மூடினால் வரும். மகள் பிறந்த அன்றுகூட வந்தது. அந்த முகத்தைத் திட்டித் திட்டித்தான் இத்தனை வருடம் என் கோபத்தை வளர்த்தேன். கிளிஃபுக்கும் அது தெரியும். ஒரு நாள்கூடக் குத்திக் காட்டியதில்லை.

படம் போட்டார்கள். உட்கார இடமில்லாமல் ஜன்னல் மேலெல்லாம் ஏறி நின்று பார்த்தார்கள். ரஸ் மேடையிலிருந்து குதிக்கிற இடம் வந்தது. திமதி அந்தப் பல்லோடு திரும்பி, டார்லீனைப் பார்த்து ஒரு இளி இளிக்கிறான். ஹால் முழுக்க ஊளை. என் மகள் என் தோளில் சாய்ந்து சிரிக்கிறாள். நான் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தேன், விடியும்வரை நல்ல தூக்கம்.

மறுநாள் கடையில் பழக்கதோஷத்தில் உன் முகத்தை நினைத்தேன். திமதி வந்தான். அடுத்த நாளும் திமதிதான். பிடிவாதமாக உட்கார்ந்து, கண்ணை இறுக்கி மூடி, உன்னை வரவழைக்கப் பார்த்தேன். அந்தப் பல்தான் வருகிறது. சந்தேகம் வந்து, பெட்டியின் அடியிலிருந்து நம் பழைய போட்டோவைத் தேடி எடுத்தேன். என் பக்கத்தில் கிட்டாரோடு யாரோ ஒரு பையன் நிற்கிறான். யார் வீட்டுப் பையனோ. மகளிடம் காட்டினேன், "இது யாரும்மா?" என்றாள். எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை.

மே மாதம் உன்னை நேரில் பார்த்தேனே என்று அதையும் நினைத்துப் பார்த்தேன். பளபளப்பான சட்டை நினைவிருக்கிறது. அதற்கு மேலே ஒன்றும் இல்லை.

உன் அப்பா வீட்டுக்கு நீ வருவதை யார் தடுக்கப் போகிறார்கள்? தாராளமாக வா. ஆனால் வா என்றும் நான் எழுதமாட்டேன், வராதே என்றும் எழுதமாட்டேன். இரண்டில் எதை எழுதவும் கொஞ்சம் கோபம் வேண்டியிருக்கிறது. தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

வந்தால் கடைப் பக்கம் வா. காலையில் கூட்டம் அதிகம், வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். உன் முறை வரும்போது பெயரைச் சொல்லு. சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
திருமதி கிளிஃப் ஹார்ட்டிகன்
பிண்டாரூ பேக்கரி